முகாம் அறிக்கையில் மூன்று வருடம் கிடந்த எண்

எனக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அப்போது எனக்கு 41 வயது. புகைப்பழக்கம் கிடையாது, சர்க்கரை கிடையாது. அலுவலகத்தில் ஊழியர் ஆரோக்கியத் திட்டம் என்று எது நடந்தாலும் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பவள். பக்கவாதம் வருவதற்கு 2 வாரம் முன்னால்தான், எங்கள் பிரிவிலேயே அதிக அடிகள் நடந்ததற்காகச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அதனால் மருத்துவர் "உங்களுக்கு ரொம்ப நாளாகவே பிரஷர் இருந்திருக்கிறது" என்று சொன்னபோது நான் நம்பவில்லை. அவர் சொன்னது உண்மைதான். அதைக் காட்டும் எண்கள் மூன்று வருடமாக என் முகாம் அறிக்கைகளிலேயே இருந்திருக்கின்றன. நானும் படிக்கவில்லை, எனக்கு யாரும் படித்துச் சொல்லவும் இல்லை. வேலைக்காகத் தனியாக இருந்தவள் என்பதால் அந்த மாதங்களை யாரிடமும் கேட்டுத் தெளிந்துகொள்ளாமலே கடந்தேன். அப்போது யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறவற்றை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நிறுவனத்தில் ஆரோக்கியத் திட்டம் பெரிதாகவே நடந்தது. போனில் ஒரு செயலி, தினம் 10,000 அடிகள் என்று இலக்கு, தண்ணீர் குடிக்க நினைவூட்டல், வாரம் ஒரு நாள் மதியத்தில் தியான வகுப்பு, வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை முகாம். (அந்த 10,000 என்ற எண் மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. நடப்பது நல்லதுதான். ஆனால் அந்த எண்ணை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டு இரவு 11 மணிக்குக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து இலக்கை முடித்திருக்கிறேன். அந்த அரை மணி நேரம் தூங்கியிருக்க வேண்டிய நேரம்.) இன்னொரு பக்கம் வேலை. ஏழு பேர் செய்த கணக்கு வேலையை நான்கு பேர் செய்துகொண்டிருந்தோம். மாதக் கடைசியில் வாரத்துக்கு 60 மணி நேரம் போகும். தூக்கம் 5 மணி நேரம் கிடைத்தால் அது நல்ல நாள். தியான வகுப்பில் கண்ணை மூடச் சொல்லும்போது என் மடிக்கணினி எதிரில் திறந்தே இருக்கும். இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைத்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை. திட்டத்தில் இருக்கிறேன், அதனால் என் உடம்பை யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நிம்மதி எனக்கு இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைக் கெடுத்தது.

முகாம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், பலருக்கும் பழக்கமான காட்சியாக இருக்கும். கூட்ட அறையில் மேசை போட்டு வரிசை நிற்கும். மீட்டிங்குக்கு நடுவில் ஓடிவந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே பிரஷர் பார்த்துக்கொள்வேன். முதல் வருடம் 138/88. அடுத்த வருடம் 146/92. மூன்றாம் வருடம் 158/98. அந்த மூன்றாம் வருடம் அளந்த பெண், "டென்ஷனா இருக்கீங்க போல மேடம், அவசர வேலையா?" என்று கேட்டார். "ஆமாம், மீட்டிங் இருக்கு" என்றேன். அவர் எழுதிக்கொண்டார், நான் எழுந்து போய்விட்டேன். பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. முதல் பக்கத்தில் பெரிய பச்சை வட்டத்துக்குள் என் ஆரோக்கிய மதிப்பெண் 100க்கு 82. எடை சரி, சர்க்கரை சரி, நடை பிரமாதம், எல்லாம் சேர்ந்து 82. ரத்த அழுத்தம் 14ஆம் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு இருந்தது. அந்த நட்சத்திரத்துக்கு அர்த்தம் கடைசிப் பக்கத்தில்: "தேவைப்பட்டால் மருத்துவரை அணுகவும்." நான் 82ஐப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

இப்போது எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். அவசரத்தில் எடுக்கும் அளவு கூடுதலாகக் காட்டலாம், அது உண்மைதான். கை தொங்கினாலும், பேசிக்கொண்டிருந்தாலும், கையைச் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் எண் ஏறும். ஆனால் அதற்காக "முகாம் அளவுதானே" என்று தள்ளிவிடக் கூடாது, சரியான முறையில் திரும்ப அளக்க வேண்டும். நான் கற்றுக்கொண்ட முறை இது: அளப்பதற்கு அரை மணி முன்னால் காபி, டீ, புகை வேண்டாம். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கையை மேசைமேல், இதயத்தின் உயரத்துக்கு வைக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுத வேண்டும். காலையும் மாலையும் இப்படி ஒரு வாரம். மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல்கையில் கட்டும் கருவி நம்பகமானது. பல நாடுகளில் மருத்துவமனை அளவு 140/90ஐத் தாண்டினால் உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள். அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017இல் அந்த எல்லையை 130/80க்கு இறக்கின. வீட்டில் அமைதியாக எடுத்த சராசரி 135/85க்கு மேல் போனால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. சிலருக்கு மருத்துவமனையில் நல்ல அளவாக இருந்து, வேலை நேரத்தில் மட்டும் ஏறும். அதனால் ஓய்வு நாளில் மட்டும் அளந்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது, வேலை நாளிலும் பார்க்க வேண்டும். என் கையில் கட்டியிருந்த வாட்ச் அடிகளையும் இதயத்துடிப்பையும் காட்டியது, ரத்த அழுத்தத்தை அது அளக்கவே இல்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் யோசித்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை இணையவழி மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன். "நிலுவை" என்று சொல்ல வேண்டும், வார்த்தை வரவில்லை. நாக்கு தடித்த மாதிரி இருந்தது. வலது கையிலிருந்த பேனா நழுவியது, எடுக்கப் போனால் விரல்கள் சேரவில்லை. எதிரே ஒன்பது பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "உங்க நெட் சரியில்லைன்னு நினைக்கிறேன்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வீடியோவை அணைத்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. பயந்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் சரியாகிவிட்டதே என்ற ஆறுதல் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அன்று இரவு செயலியில் மன அழுத்தம் அதிகம் என்று பதிந்தேன், அது மூச்சுப்பயிற்சி ஒன்றைக் கொடுத்தது, செய்துவிட்டுத் தூங்கினேன். அந்தப் பத்து நிமிடம் தற்காலிகப் பக்கவாதம் என்று பிறகுதான் தெரிந்தது. மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைப்பட்டு, அந்தத் தடை தானாக விலகுவது. அதற்குப் பிறகு நிஜமான பக்கவாதம் வரும் ஆபத்து, அடுத்த 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். சரியாகிவிட்டது என்பதால் வீட்டில் இருக்கக் கூடாது, சரியான பிறகும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்த ஒரு தகவல் எனக்குத் தெரிந்திருந்தால் என் வலது கை இன்று வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்தேன், நன்றாகத்தான் இருந்தேன். ஆறரைக்குப் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. கண்ணாடியில் வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது. கொஞ்சம் படுத்தால் போன தடவை மாதிரி போய்விடும் என்று படுத்தேன். படுத்தபடியே இடது கையால், இன்று சற்றுத் தாமதமாக வருகிறேன் என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தோன்றவில்லை, வேலைக்குத் தகவல் சொல்லத் தோன்றியிருக்கிறது. பத்து மணிக்கும் சரியாகாமல் வாடகைக் காரில் ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனேன். அங்கே மூளையை ஸ்கேன் எடுக்கும் வசதி இல்லை. அவர்கள் வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் மேசையில் படுத்தபோது மணி பன்னிரண்டரை. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அது எனக்குப் பொருந்தியிருக்குமா, இல்லையா என்று அவர்கள் யோசிப்பதற்கான நேரமே மிச்சமில்லை. நான் படுத்திருந்தே தீர்த்துவிட்டேன்.

முகம் ஒரு பக்கம் இறங்குகிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று கீழே வருகிறதா, பேச்சு குழறுகிறதா. இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். தொடங்கிய நேரத்தைக் கவனித்துச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தீர்கள் என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார். தானாக மாத்திரை எதையும் விழுங்க வேண்டாம். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும், இரண்டுக்கும் மருத்துவம் வேறு. உங்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அருகில் 24 மணி நேரமும் ஸ்கேன் எடுத்துப் பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து போனில் சேமித்துவையுங்கள். தனியாக இருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி கொடுப்பவர்கள் இந்த மூன்று அறிகுறிகளையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று இப்போது நான் போகுமிடமெல்லாம் கேட்கிறேன். அந்த மீட்டிங்கில் ஒன்பது பேரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதுமே.

மருத்துவமனையில் பழைய அறிக்கைகளைக் கேட்டார்கள். அவை இருந்த பழைய செயலியைத் திறந்தால் உள்ளே போக முடியவில்லை. எங்கள் நிறுவனம் நான்கு மாதம் முன்னால் ஆரோக்கியத் திட்டத்தை வேறு ஒப்பந்ததாரரிடம் மாற்றியிருந்தது, பழைய கணக்குகள் மூடப்பட்டுவிட்டன. மூன்று வருடத்து என் ரத்தமும் சிறுநீரும் ஈசிஜியும் யாருடைய சர்வரிலோ கிடக்கின்றன, எனக்குக் கிடைக்கவில்லை. ஆறு வாரம் மின்னஞ்சல் அனுப்பி, கடைசியில் மனிதவளத் துறையில் ஒரு தோழி தன் முயற்சியில் வாங்கிக் கொடுத்தார். அப்போதுதான் அந்த 138, 146, 158 மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தேன். அறிக்கை வந்த அன்றே தரவிறக்கி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள், அலுவலக முகவரியில் மட்டும் வைக்காதீர்கள். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். போன வருட எண்ணையும் இந்த வருட எண்ணையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அந்தத் தாளோடு, அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத உங்கள் சொந்த மருத்துவரிடம் போங்கள். முகாம் அளந்து கொடுக்கும், அவ்வளவுதான். அளந்ததைப் பார்த்து மருந்து எழுதுகிற ஆள் ஒருவர் வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மருத்துவமனையில் தங்கிய 8 நாள் செலவை நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் ஏற்றது. ஆனால் அதற்குப் பிறகு கைக்கும் விரலுக்கும் எடுத்த பயிற்சிச் சிகிச்சை வெளிநோயாளிக் கணக்கில் வந்ததால் ஒரு காசும் கிடைக்கவில்லை. பக்கவாதத்தில் செலவே அங்கேதான், மாதக்கணக்கில் போகும். மொத்தம் 14 வாரம் வேலைக்குப் போகவில்லை. மருத்துவ விடுப்பு 12 நாள்தான் இருந்தது, பாக்கி எல்லாம் சம்பளமில்லா விடுப்பு. சிகிச்சையும் இழந்த சம்பளமும் சேர்ந்து என் ஐந்து மாதச் சம்பளத்துக்கு மேல் போயிற்று. பத்தாவது வாரத்தில் வெறுத்துப்போய் ராஜினாமா கடிதம் எழுதிவிட்டேன். அனுப்பும் முன் காப்பீட்டு உதவி எண்ணில் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். கடைசி வேலை நாளோடு காப்பீடும் முடிந்துவிடும் என்றார்கள். இந்த நோயோடு புதிதாகத் தனிக் காப்பீடு எடுக்கப் போனால் காத்திருப்புக் காலம் போடுவார்கள், அல்லது தரவே மறுப்பார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கடிதத்தை அனுப்பவில்லை. நோயாக இருக்கும்போது கோபத்தில் வேலையை விடாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே சொந்தமாக ஒரு காப்பீடு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநோயாளிச் சிகிச்சைக்கு அதில் என்ன உண்டு என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இடையில் நான் செய்த இன்னொரு தவறு, திரும்பிப் போன விதம். ஒன்பதாவது வாரத்தில் "வேலைக்குத் தகுதி" என்று ஒரே வரிச் சான்று வாங்கிக்கொண்டு போனேன். அந்த ஒரு வரியைப் பார்த்த மேலாளர் பழையபடி முழு வேலையைக் கொடுத்தார், அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. நான்காம் நாள் மதியம் திரையில் எண்கள் மிதந்தன. வலது கை தட்டச்சில் பின்தங்கியது. கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தேன். திரும்பவும் ஐந்து வாரம் வீடு. பக்கவாதத்துக்குப் பிறகு வரும் சோர்வு வெளியே தெரியாது, தூங்கினாலும் தீராது, மாதக்கணக்கில் இருக்கும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. இரண்டாம் முறை மருத்துவரிடம் விவரமான கடிதம் கேட்டேன். நோயின் பெயரைவிட, நான் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை எழுதச் சொன்னேன். முதல் மூன்று வாரம் நாளுக்கு 4 மணி நேரம், பிறகு மூன்று வாரம் 6 மணி நேரம், இரவு வேலை கூடாது, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிட இடைவெளி, சிகிச்சைக்கு வாரம் இரண்டு மதியம் விடுப்பு. அந்தக் கடிதம்தான் என்னை இன்றுவரை வேலையில் வைத்திருக்கிறது. மேலாளருக்கும் அது உதவியது, எனக்காக என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கும் தெரியாமல்தான் இருந்தது.

வீட்டில் இருந்த நாட்களில் நிறையப் படித்தேன். 2021இல் உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். அதைப் படித்த அன்று இரவு முழுக்க நான் தூங்கவில்லை. 60 மணி நேரத்தால்தான் எனக்கு வந்தது என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார், எனக்கும் தெரியும். ஆனால் மருத்துவரிடம் போக ஒரு மதியம்கூட இல்லாமல் செய்தது அந்த 60 மணி நேரம்தான். அமெரிக்காவில் ஒரு பெரிய கடைத் தொடரில் 160 இடங்களில் சுமார் 33,000 ஊழியர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. சில கிளைகளில் மட்டும் ஆரோக்கியத் திட்டம் கொடுத்து 18 மாதம் கழித்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பிரிட்டனில் 46,336 ஊழியர்களின் பதில்களை வைத்து 2024இல் வந்த ஆய்விலும், தியானம், செயலி, மன உறுதிப் பயிற்சி போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. இதற்காகத் திட்டங்கள் எல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. முகாம் இல்லாவிட்டால் அந்த மூன்று எண்களும் என் வாழ்க்கையில் எங்குமே பதிவாகியிருக்காது. ஆனால் ஏழு பேர் வேலையை நான்கு பேருக்குக் கொடுத்துவிட்டு மூச்சுப்பயிற்சியையும் கொடுத்தால், அந்த மூச்சுப்பயிற்சியால் எதுவும் நடக்காது.

வேலைக்குத் திரும்பிய பிறகு நிர்வாகத்திடம் மூன்று விஷயம் கேட்டேன். முகாமில் 140/90க்கு மேல் வந்தவர்களை அன்றைக்கே தனியாக உட்காரவைத்து மறுபடி அளந்து, அவரிடமே நேரில் சொல்ல வேண்டும். மருத்துவரைப் பார்க்க அரைநாள் ஊதியத்தோடு விடுப்பு தர வேண்டும். எங்கள் குழுவில் காலியாக இருக்கும் இடங்களை நிரப்ப வேண்டும். முதலாவது வந்துவிட்டது. இரண்டாவது பேச்சில் இருக்கிறது. மூன்றாவதில், ஒருவர் சேர்ந்திருக்கிறார், இரண்டு இடம் இன்னும் காலி. கேட்கும்போது கவனமாக ஒன்றைப் பார்த்துக்கொண்டேன்: யாருடைய அளவும் மேலாளருக்குப் போகக் கூடாது. நீங்களும் முகாமில் கையெழுத்துப் போடும் படிவத்தைப் படியுங்கள், உங்கள் விவரம் யார் யாருக்குப் போகும் என்று அதில் இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள்.

என் வலது கை இப்போது தொண்ணூறு சதவீதம் வந்துவிட்டது. சட்டைப் பொத்தான் போட நேரமாகும், நீளமாக எழுதினால் எழுத்து கோணும். தினம் மாத்திரை. பிரஷர் 124, 126 என்று நிற்கிறது. போன மாத முகாமில் எனக்குப் பின்னால் எங்கள் குழுத் தம்பி ஒருவர் நின்றார், 34 வயது. இரண்டு முறை அளந்தும் 152/96. "மீட்டிங் இருக்குக்கா, அதான்" என்றார். நான் ஒன்றும் வாதாடவில்லை. அன்று மாலை என் கருவியை எடுத்துக் கொடுத்து, எப்படி உட்கார வேண்டும் என்று காட்டி, ஒரு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். ஏழு நாளும் காலை, மாலை எழுதிய தாளோடு வந்தார். சராசரி 144/91. மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறார், வரும் வியாழக்கிழமை.